ஒரே சொல்லுக்குப் பாடத்துக்குப் பாடம் பொருள் மாறுகிறதே, பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பெற்றோரும் இதைத்தான் அடிக்கடி கேட்பார்கள். என்னுடைய பதில்: சொல்லைத் தனியாகப் பிடுங்கி எடுத்துப் பொருள் சொல்லாதீர்கள். அந்தப் பாடத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல் எது என்று முதலில் காட்டுங்கள்.

'மூலம்' என்ற சொல்லையே எடுப்போம். விஞ்ஞானத்தில் அது அமிலத்துக்கு எதிரே நிற்பது. சோடியம் ஐதரொட்சைட்டு ஒரு மூலம், ஐதரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் நீரும் தரும். அடுத்த பாடவேளை கணிதம் என்றால் 49 இன் வர்க்கமூலம் 7. தமிழ் வகுப்பில் 'மூலமும் உரையும்' என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மம்மா யாருக்கோ மூல நட்சத்திரம் என்று பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பார். சித்த வைத்தியரிடம் அது ஒரு வருத்தம். கோணேசர் கோயிலில் மூலஸ்தானம். வேர், அடி, தொடக்கம் என்ற கருத்துத்தான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுகிறது. அதை ரசித்துச் சொல்லிக்கொடுக்கலாம், நானும் சொல்வேன். ஆனால் பரீட்சை மண்டபத்தில் பிள்ளைக்குக் கைகொடுப்பது சோடிதான்: அமிலம்–மூலம், வர்க்கம்–மூலம், மூலம்–உரை.

சைவநெறிப் பாடமும் அப்படியே. பதி, பசு, பாசம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பசு உயிர் என்றும் பாசம் அதைக் கட்டியிருப்பது என்றும் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். 'பசு' என்று மட்டும் கரும்பலகையில் எழுதினால் மாடுதான் வந்து நிற்கும்.

துறைக்கு ஒரு புதுச் சொல் ஆக்கிவிட்டால் குழப்பம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஊரில் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் கடலை. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து காய்ந்து அடிக்கும் காற்றும் கச்சான்தான். கடலுக்குப் போகிற யாரும் இதில் தடுமாறி நான் பார்த்ததில்லை. கந்தளாய் விவசாயிக்குப் போகம் என்றால் பெரும்போகமும் சிறுபோகமும், சித்தாந்தம் படித்தவருக்கு அது உயிர் நுகரும் இன்பதுன்பம். நொத்தாரிசிடம் போனால் உறுதி என்பது காணிப் பத்திரம். பேச்சின் இடம் தெரிந்தால் போதும், பொருள் தானே வந்துவிடும்.

உண்மையில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது வேறொன்று. ஒரே துறைக்குள், ஒரே சொல், கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் இன்னொன்றும் ஆவது. எங்கள் பாடநூலில் ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவு திணிவு, அதைப் புவி இழுக்கும் விசை நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ முதலாவதுதான் நிறை, இரண்டாவது எடை. அதேபோல எங்கள் வலு அவர்களுக்குத் திறன், எங்கள் மூலம் அவர்களுக்குக் காரம். எங்களுக்கும் காரம் உண்டு, ஆனால் நீரில் கரையும் மூலத்தை மட்டுமே அப்படிச் சொல்வோம். இப்போது பிள்ளைகள் இரவில் யூரியூப்பில் தமிழ்நாட்டுக் காணொளி பார்த்துவிட்டு, நிறை 5 கிலோகிராம் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். அங்கே அது சரியான விடை. இங்கே புள்ளி போய்விடும்.

அதற்காகக் காணொளி பார்க்காதே என்று நான் சொல்வதில்லை, அவற்றில் பல மிக நன்றாக விளக்குகின்றன. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் கீறி, எங்கள் சொல்லையும் அவர்கள் சொல்லையும் எதிரெதிரே எழுதச் சொல்வேன். அப்புறம் அலகைப் பார்க்கப் பழக்குவேன். கிலோகிராமில் சொன்னால் அவர் திணிவைப் பேசுகிறார். நியூற்றனில் சொன்னால் எங்கள் நிறையை, புவிப்பரப்பில் ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 9.8 நியூற்றன். சொல் எதுவாக இருந்தாலும் அலகு இரண்டு கரையிலும் ஒன்றுதான் என்பதால், இந்தப் பழக்கம் வந்த பிள்ளை எந்த ஊர்க் காணொளியையும் பயமில்லாமல் பார்க்கும்.