எதனுடைய மோல்?

அன்புள்ள ஐயா,

நான் வேதியியல் முதலாண்டு மாணவி. எடையிலிருந்து துகள்களின் எண்ணிக்கையைக் காணும் மோல் கணக்கு எனக்கு வருவதே இல்லை. எடையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் எடையால், வகுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆக்சிஜன் வந்தால் சில கணக்கில் 16 போடுகிறார்கள், சிலதில் 32. நான் எதைப் போட்டாலும் தப்பாகிறது. எப்போது எது என்று நினைவில் வைக்கக் குறுக்குவழி உண்டா? அணு நிறைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஒரு மோல் வாயுவின் கன அளவு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா? இதற்கான மூளை எனக்கு இல்லை, வேறு பாடத்துக்கு மாறிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

அணு நிறைகளை மனப்பாடம் செய்யாதே. தனிம அட்டவணை எதற்கு இருக்கிறது? புழங்கப் புழங்கப் பத்துப் பதினைந்து தானாக மனதில் தங்கிவிடும். 22.4 என்பது சுழியம் டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில். அதே வெப்பநிலையில் ஒரு பார் அழுத்தம் என்றால் 22.7. கேள்வியைப் படித்துவிட்டுப் போடு.

உன் கடைசி வரி எனக்குக் கோபமூட்டியது. மூளை இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? நீ மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களெல்லாம் ஐம்பது ஆண்டு மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். சில வாரங்களாக நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், உன் கடிதமும் வந்தது.

இரண்டு பங்கு கன அளவு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. வாயுக்கள் இப்படி எளிய விகிதங்களில்தான் சேர்கின்றன என்று 1808-ல் கே-லூசாக் அறிவித்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் துகள்களும் சம எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று 1811-ல் அவகாட்ரோ சொன்னார். இரண்டையும் சேர்த்து நிதானமாக யோசி. ஒரு பங்கு ஆக்சிஜனில் ஆயிரம் துகள் என்று வைத்துக்கொள். இரண்டு பங்கு நீராவியில் இரண்டாயிரம் துகள். ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். ஆயிரம் எப்படி இரண்டாயிரத்துக்குப் போதும்? ஆக்சிஜன் துகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தால்தான் போதும். வாயுவாக இருக்கையில் அது ஒற்றை அணு இல்லை, இரட்டை. உன் 32 அங்கேதான் பிறந்தது.

டால்டன் இதை ஏற்கவில்லை. நீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்பதே அவர் கணக்கு. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேரும் என்பது பெர்சீலியஸுக்கும் உடன்பாடில்லை. ஒருவர் ஆக்சிஜனுக்கு 8 போட்டார், இன்னொருவர் 16 போட்டார். அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கே 19 வாய்ப்பாடுகளைக் கெக்குலே பட்டியலிட்டுக் காட்டினார். 1860 செப்டம்பரில் வேதியியலாளர்கள் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. கலைந்து போகும் நேரத்தில் கனிசாரோவின் சிறு வெளியீடு ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. அவகாட்ரோ சொன்னதை வைத்து, அணு வேறு, மூலக்கூறு வேறு என்பதைத் தன் மாணவர்களுக்கு எப்படிப் படிப்படியாக நடத்துகிறேன் என்று ஒரு ஆசிரியர் எழுதியது அது. அதைப் படித்துத்தான் பலருக்குத் தெளிவு வந்தது. அவகாட்ரோ அதற்கு நான்காண்டு முன்பே, 1856-ல், இறந்துபோயிருந்தார். இதை நினைத்தாலே எனக்கு மனம் கனத்துவிடும்.

நான் படிக்கும்போது ஒரு தேர்வில், 16 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் என்று கேட்டிருந்தார்கள். ஒரு மோலுக்கான துகள் எண்ணிக்கையை, 6.022 × 10²³ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். விடைத்தாள் திரும்பியபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘எதனுடைய?’ அட்டவணையில் 16 என்றுதானே இருக்கிறது என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் திட்டவில்லை. தாளின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வட்டங்களை வரைந்தார். கேள்வியிலிருந்த ‘வாயு’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை, நானாகப் பேனாவை வாங்கி அரை மோல் என்று திருத்தும்வரை.

நீ கேட்ட குறுக்குவழியை நான் தரமாட்டேன். முக்கோணம் வரைந்து மேலே எடை, கீழே மோல் என்று விரலால் மறைத்து விடை காணும் வித்தையெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது வகுக்கச் சொல்லும், எதனால் வகுப்பது என்று சொல்லாது. உனக்கு இடறுவதோ அங்கேதான்.

48 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள். அணுக்களாக எண்ணினால் 48-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும், 3 மோல். நாம் சுவாசிக்கும் இரட்டை மூலக்கூறுகளாக எண்ணினால் வகுப்பது 32-ஆல், 1.5 மோல். அதே 48 கிராம் ஓசோனாக இருந்தால் அங்கே மும்மூன்று அணுக்கள் சேர்ந்திருக்கின்றன, மூலக்கூறுகள் 1 மோல். தராசு மூன்று தடவையும் ஒரே எடையைத்தான் காட்டும். அணுக்களும் மூன்றிலும் ஒரே எண்ணிக்கைதான். மாறுவது நாம் எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்பது மட்டும். தராசுக்கு எண்ணத் தெரியாது. அணுக்களோ எண்ணிக்கைப்படிதான் சேரும். எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போக மோல் வேண்டியிருக்கிறது, போகும் முன் எதை எண்ணப் போகிறாய் என்று நீதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு உப்பில் மூலக்கூறே கிடையாது. ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கொண்ட அதன் வாய்ப்பாட்டு அலகை எண்ணினால் 58.5 கிராம் ஒரு மோல், மின்னூட்டம் கொண்ட அந்தத் தனித்தனித் துகள்களை, அதாவது அயனிகளை, எண்ணினால் இரண்டு மோல்.

1971-ல் மோலை அடிப்படை அலகாக ஏற்றபோது, எந்தத் துகள் என்று குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று வரையறையிலேயே எழுதி வைத்தார்கள். ஒரு மோலில் எத்தனை துகள் என்ற எண்ணையும் 2019 முதல் 6.02214076 × 10²³ என்று அறுதியாக்கிவிட்டார்கள். இனி அதில் தடுமாற ஒன்றுமில்லை. நீ கவலைப்பட வேண்டியது துகளைப் பற்றி.

ஒரு கணக்கு தருகிறேன். கந்தகத்தின் அணு நிறை 32. மஞ்சள் தூளாக இருக்கும்போது எட்டு அணுக்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறாக அது இருக்கிறது. 64 கிராம் கந்தகம் எத்தனை மோல்? சரியான விடைகள் இரண்டு உண்டு. இரண்டையும் எழுதி, பக்கத்தில் எதனுடைய மோல் என்றும் குறிப்பிட்டு அனுப்பு. என் பதில் வரும்வரை பாடம் மாறும் விண்ணப்பத்தைத் தொடாதே.