மே மாதத்தில் அம்போசெலி: யானை தென்படுமா, முகவரை நம்பலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறையையொட்டி மே மாதத்தில் மனைவி, 8 மற்றும் 12 வயதுப் பிள்ளைகள், 67 வயதான தாயார் ஆகியோருடன் கென்யா செல்ல நினைக்கிறேன். அம்போசெலியின் சதுப்பு நிலத்தில் யானைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. மே மாதம் அங்கு மழைக்காலம், யானைகள் பூங்காவை விட்டு வெளியேறிவிடும் என்கிறார் நண்பர். பயண முகவரோ, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா என்று 5 நாள்களில் நான்கு இடங்களைச் சுற்றினால் எங்காவது யானை கிடைத்துவிடும், ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து பெருவிலங்குகளும் (சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்) அம்போசெலியிலேயே உறுதி என்கிறார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையில்லை என்றும் சொல்கிறார். நாங்கள் போகலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் போகலாம். மே மாதத்திலும் அம்போசெலியில் யானை தென்படும். ஆனால் முகவர் போட்டுக் கொடுத்திருக்கும் திட்டத்தின்படி போகாதீர்கள். தடுப்பூசி பற்றி அவர் சொன்னதையும் நம்பாதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட சிறிய பூங்கா. உப்புப் புழுதி படிந்த வறண்ட சமவெளியின் நடுவே, ஆண்டு முழுவதும் பச்சை மாறாத சில சதுப்புகள் அங்கே உள்ளன. எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கிளிமஞ்சாரோவின் காடுகளில் பெய்யும் மழை, துளைகள் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியாகவே வந்து, எங்கோங்கோ நாரோக், லோங்கின்யே ஆகிய சதுப்புகளில் ஊற்றாகப் பொங்குகிறது. வறட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எங்குமே தண்ணீர் இல்லாதபோது யானைகளுக்கு இந்தச் சதுப்புகளை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அதனால் ஜூலை முதல் அக்டோபர் வரை அவை இங்கே குவிகின்றன. மார்ச் முதல் மே வரை நீடிக்கும் பெருமழையில் வெளியே மசாய் மக்களின் நிலங்களிலும் புல் முளைத்துக் குட்டைகள் நிறைந்துவிடுவதால், கூட்டங்களில் ஒரு பகுதி அங்கே பரவிவிடும். இதைத்தான் நண்பர் ‘வெளியேறிவிடும்’ என்கிறார். பூங்கா காலியாகிவிடுவதில்லை, எண்ணிக்கைதான் குறைகிறது. அதற்கு ஈடாக மழைக்குப் பின் புழுதி அடங்கியிருக்கும். அதிகாலையில் மேகம் திரளும் முன் மலையுச்சி துலங்கித் தெரியும் வாய்ப்பும் உண்டு. முடிந்தால் மே மாதத்தின் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மழை பெரும்பாலும் தணியத் தொடங்கியிருக்கும். உங்கள் பிள்ளைகளின் பள்ளியும் திறந்திருக்காது.

யானைகள் இரவை வறண்ட புதர்க்காட்டில் கழித்துவிட்டு, காலையில் வரிசையாகச் சமவெளியைக் கடந்து சதுப்புக்கு வரும். வயிறு வரை நீரில் இறங்கிக் கோரையைப் பிடுங்கித் தின்றுவிட்டு, மாலையில் வந்த வழியே திரும்பும். முதுகிலும் காலடியிலும் உண்ணிக்கொக்குகள் உடன் வரும். நீங்கள் பார்க்க விரும்புவது இந்த வரவையும் திரும்புதலையும்தான் என்றால், விடிந்தது முதல் 10 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேலும் நீங்கள் சதுப்பின் கரையில் இருந்தாக வேண்டும். ஓர் இரவு தங்கினால் அப்படி ஒரு மாலையும் ஒரு காலையும்தான் கிடைக்கும். அன்று மழை பெய்தால் அதுவும் போயிற்று. ஆகவே மற்ற மூன்று இடங்களில் இரண்டையாவது விட்டுவிட்டு, அம்போசெலியில் குறைந்தது 2 இரவுகளும், மழைக்காலம் என்பதால் இயன்றால் 3 இரவுகளும் தங்குங்கள். 1972 முதல் இங்கே நடந்துவரும் ஆய்வில் இந்த யானைகளைக் காதின் கிழிசலையும் தந்தத்தையும் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். அந்த விவரம் அறிந்த ஓட்டுநர் கிடைத்தால், ஒரே குடும்பத்தை இரண்டு நாள் தொடர்ந்து பார்ப்பதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது மிக அதிகம்.

முகவரின் திட்டத்தைக் கையில் பேனாவுடன் படித்துப் பாருங்கள். நைரோபியிலிருந்து அம்போசெலிக்குச் சாலை வழியே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். அங்கிருந்து நைவாஷா போக மீண்டும் நைரோபி வழியாகவே திரும்பி ஏற வேண்டும். மசாய் மாராவோ வேறு திசையில் இன்னும் தொலைவில் இருக்கிறது. இரவுக்கு ஓர் இடம் என்று தங்கினால், தினமும் காலைப் பொழுதின் பெரும்பகுதி சாலையில் கழியும். விலங்குகள் நடமாடும் நேரமும் அதுதான். முகவர்கள் இப்படித் திட்டம் போடுவதற்குக் காரணம், நான்கு பெயர்கள் உள்ள விளம்பரம் ஒரு பெயர் உள்ள விளம்பரத்தைவிட எளிதாக விலைபோகிறது என்பதே. ஐந்து பெருவிலங்குகளும் அம்போசெலியிலேயே உறுதி என்று சொன்னவரிடம் அங்கே காண்டாமிருகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அம்போசெலியில் காண்டாமிருகம் கிடையாது. சிறுத்தையும் அரிதாகவே கண்ணில் படும். இந்த ஒரு கேள்விக்கு அவர் தரும் பதிலிலிருந்தே அவர் அந்தப் பூங்காவை அறிந்தவரா, விற்பவர் மட்டுமா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, தங்குமிடம் பூங்காவின் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘அம்போசெலி’ என்று பெயர் வைத்துக்கொண்டு கிமானா வாயிலுக்கு வெளியே இருக்கும் முகாம்கள் பல. அவற்றில் தங்குவது தவறில்லை, செலவும் குறையும். ஆனால் ஒருமுறை வெளியே வந்து மீண்டும் நுழையும்போது நுழைவுச் சீட்டு செல்லுமா, அதற்கான செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணத்தை வாயிலில் ரொக்கமாகக் கட்ட முடியாது. கென்ய அரசின் இணைய வழியில்தான் செலுத்த வேண்டும். இங்கேதான் சில இடைத்தரகர்கள் கைவரிசை காட்டுகிறார்கள். வெளிநாட்டவருக்கான தொகையை உங்களிடம் வாங்கிக்கொண்டு, உள்நாட்டவருக்கான மலிவுச் சீட்டை எடுத்துவிடுவார்கள். ஒருமுறை நான் உடன் சென்ற குழு இதனால் வாயிலில் 2 மணி நேரம் நிறுத்தப்பட்டது. ஏமாற்றியவர் நைரோபியில் இருந்தார். வெயிலில் நின்று இரண்டாம் முறை பணம் கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த முதியவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ‘வெளிநாட்டவர்’ என்ற வகையைக் குறிப்பிடும் ரசீதைப் பயணத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். தர மறுப்பவருக்கு முன்பணம் தராதீர்கள்.

இனி தடுப்பூசி. கென்யா கேட்பதில்லை என்று முகவர் சொல்வது, இந்தியாவிலிருந்து நேரே போகும் உங்களைப் பொறுத்தவரை சரிதான். கேட்பது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா கென்யாவை வைத்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாள்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்குபவரை 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இது பொருந்தும்.

உங்கள் தாயாரின் நிலை வேறு. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதைக் கடந்தவர் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பின்விளைவுகளுக்கான வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எனவே அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகளுடனும் முதலில் அவருடைய மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டுமே தடையாகிவிடுவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, முட்டைக்குக் கடும் ஒவ்வாமை போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஊசி மையத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் விலக்குச் சான்று பெறலாம். ஆனால் திரும்பி வரும்போது அதை ஏற்பதா, அவரைத் தனிமையில் வைப்பதா என்பதை விமான நிலையச் சுகாதார அலுவலரே முடிவு செய்வார். அந்த நிச்சயமின்மையை 67 வயதில் அவர் சுமக்க வேண்டாம் என்று நீங்கள் கருதினால், இடத்தை மாற்றுங்கள். போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவிலும் ஆற்றங்கரைச் சதுப்பில் யானைகளைப் படகிலிருந்தே பார்க்கலாம், அந்த நாடு இந்தியாவின் பட்டியலில் இல்லை. வழியில், பட்டியலில் உள்ள நாடுகளின் நகரங்களான நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறாத பயணச்சீட்டாக மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஊசி போடும் மையங்கள் மிகச் சில. கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அவற்றில் ஒன்று. குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாள்களில்தான் போடுகிறார்கள். அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் இத்தனை பேர் வெளிநாடு போகும் மேற்கு மாவட்டங்களிலிருந்து ஓர் ஊசிக்காகக் குடும்பமே வெளியூருக்கு ரயிலேற வேண்டியிருப்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லியும் கேட்பார் இல்லை. இந்த அலைச்சலைப் பயன்படுத்திக்கொண்டு, ஊசி போடாமலே மஞ்சள் அட்டை எனப்படும் தடுப்பூசிச் சான்றிதழை வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்கள் இருக்கிறார்கள். அது குற்றம், அதோடு, ஊசி போடாதவருக்கு நோயிலிருந்து எந்தக் காப்பும் இல்லை. மே கடைசியில் பயணம் என்றால் மார்ச் மாதத்திலேயே முன்பதிவு செய்து, அசல் கடவுச்சீட்டுடன் போய் வாருங்கள். அட்டையில் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் பிழையின்றி இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா இல்லை. மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். அடிப்படைக் கட்டணம் ஒருவருக்கு 30 டாலர், பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் இதற்கு இருமடங்கு வாங்குகின்றன, ஆகவே இணைய முகவரி ‘கோ டாட் கேஈ’ (go.ke) என்று முடிகிறதா எனப் பாருங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே தடை உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பூங்காவுக்குள் கொண்டுபோக முடியாது. முறுக்கையும் புளியோதரைப் பொடியையும் எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பிறருடன் பகிராமல், மேற்கூரை உயரும் லேண்ட் குரூசராகத் தனியே எடுங்கள். மழையில் களிமண் தடங்களில் வேன்கள் சிக்கிக்கொள்ளும். பகிர்ந்த வண்டியில் சிங்கத்தைத் தேடி ஓட வேண்டும் என்று மற்றவர்கள் நச்சரிப்பார்கள். நீங்கள் யானைக்காகக் காத்திருக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட ஓரிரு இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கண்காணிப்புக் குன்று அவற்றில் ஒன்று. படியேறினால் இரண்டு பக்கமும் சதுப்பு விரிந்து தெரியும். தாயாருக்கு முழங்கால் வலி இருந்தால் கீழேயே இருக்கட்டும். தடங்கள் குலுக்கும் என்பதால், அவரைப் பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்காரவைக்காமல், ஓட்டுநருக்கு அடுத்த வரிசையில் சன்னலோரம் உட்காரவையுங்கள்.