மூன்று மொழியில் நிரல், பார்ப்பது ஒரே ஆள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பீஸ் ரேட் கணக்கு ஜாவாவில், டையிங் கணக்கு பைத்தானில், ஆர்டர் பார்க்கும் திரை ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் நான் எழுதியதே எனக்குப் பிடிபடுவதில்லை. மூன்றுக்கும் ஒரே நடை வைத்துக்கொண்டால் சரியாகுமா?
- அவிநாசி வாசகர்

பதில்: வெளித்தோற்றத்தில் ஒரே நடை வேண்டாமுங்க. ஜாவாவில் சொற்களை ஒட்டி எழுதி நடுவில் பெரிய எழுத்து வைப்பது வழக்கம். பைத்தானில் சிறிய எழுத்தில் எழுதி அடிக்கோட்டால் பிரிப்பார்கள். 2001இல் வந்த பெப் 8 என்ற பைத்தான் நடைக்குறிப்பும் அதைத்தான் சொல்கிறது. அந்தந்த மொழிக்காரர்கள் பழகிய நடையிலேயே விட்டுவிடுங்கள்.

உள்தள்ளலில், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியில், மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். பைத்தானுக்கு உள்தள்ளல்தான் கட்டமைப்பு. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி மூன்றுக்கும் அடைப்புக்குறிதான் கணக்கு; உள்தள்ளல் நம் கண்ணுக்கு மட்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பிழை இதில் வந்ததுதான். சி நிரலில் 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்திருந்தது. அதற்கு மேலிருந்த இஃப்புக்கு ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனைக்கு) அடைப்புக்குறி போடவில்லை; அப்படி விட்டால் அடுத்த ஒரு வரி மட்டுமே இஃப்புக்குள் சேரும். இரண்டாவது வரியும் உள்ளே தள்ளியிருந்ததால் இஃப்புக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. கணினிக்கு அது வெளியே. பாதுகாப்பு இணைப்பின் கையொப்பத்தைச் சோதிக்காமலே நிரல் தாண்டிப் போனது. ஜாவாவில் ஒற்றை வரி இஃப்பானாலும் அடைப்புக்குறி போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வேறு சிக்கல். 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டு மதிப்பை அடுத்த வரியில் வைத்தால், நடுவில் அரைப்புள்ளி தானாகச் சேர்ந்துவிடும். மதிப்பு திரும்பி வராது. இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைக் கருவிகளிடம் விடலாம்: பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர்.

ஆனால் உங்களுக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை என்றே நினைக்கிறேன். பெயர்களைப் பாருங்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு டையிங் யூனிட்டின் நிரலை நான் திருத்தப் போனபோது, எடையை 0.94ஆல் பெருக்கும் வரி ஒன்று இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அரை நாள் தேடிவிட்டு, கடைசியில் டையிங் மாஸ்டரிடம் கேட்டேன். "அது ப்ராசஸ் லாஸுங்க, நூறு கிலோ போட்டா ஆறு கிலோ போயிரும்" என்றார். அந்த எண்ணுக்கு 'ப்ராசஸ் லாஸ் போக' என்று பெயர் வைத்திருந்தால் அரை நாள் மிச்சம். ஃப்ளோரில் என்ன சொல் புழங்குகிறதோ அதே சொல் மூன்று மொழியிலும் வரட்டும். ஒரே நடை வேண்டியது இங்கேதான். சரக்கோடு வரும் டெலிவரி சலானை ஜாவாவில் 'டிசி' என்றும் பைத்தானில் 'டெலிவரி' என்றும் எழுதினால் இரண்டும் ஒன்றா என்று நீங்களே குழம்புவீர்கள்.

அப்புறம் இஃப்புக்குள் இஃப். டிசி வந்ததா, எடை சரியா, ஷேடு ஒத்துப்போகிறதா என்று மூன்று படி உள்ளே போகாதீர்கள். டிசி வரவில்லையா, அங்கேயே திரும்பிவிடுங்கள். எடை தவறா, அங்கேயே. கேட்டிலேயே சரக்கைத் திருப்பி அனுப்புவது போலத்தான். மிச்சம் இருப்பது இடது ஓரத்தில் நேராக ஓடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். மாதா மாதம் கை வைக்கிற ஃபைல் எதுவோ, அநேகமாக பீஸ் ரேட்டாக இருக்கும், அதில் பெயரில்லாமல் கிடக்கும் எண்களிலிருந்து தொடங்குங்கள்.