இடுப்பு மூட்டு உரசல்: எக்ஸ்ரேக்கு முன்பே கெடுவது எது?

எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி சரியாக இருக்கும்போதே இடுப்பு உரசல் (தொடை எலும்பும் அதன் தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணமும் அசைவின்போது மோதிக்கொள்வது) மூட்டுத் தேய்மானத்தைத் தொடங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கிவிடலாம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் இந்தத் தொடர்பை விரிவாக முன்வைத்தனர். தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருக்கும் ‘கேம்’ வகையில், ஆழமாகக் குந்தும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்தின் முன்மேல் விளிம்புக்குள் நுழைந்து குருத்தெலும்பை அடியெலும்பிலிருந்து பெயர்க்கிறது. மேற்பரப்பு கிழியாமலே இருக்க, ஆர்த்ராஸ்கோப்பியில் (மூட்டுக்குள் சிறு கேமரா செலுத்திப் பார்க்கும் முறை) கோலால் அழுத்தினால் மட்டும் ஈரச்சுவரில் உப்பிய பெயிண்ட்போல அது நெளியும். கிண்ணம் தலையை அளவுக்கு மீறி மூடியிருக்கும் ‘பின்சர்’ வகையிலோ, முதலில் நசுங்குவது விளிம்பு வளையமான லேப்ரம். குருத்தெலும்புக்குள் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற மூலக்கூறு, எக்ஸ்ரேயில் இடைவெளி குறைவதற்கு முன்னதாகவே குறைகிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் அதன் இழப்பு மட்டும் வலிப்பதில்லை. ஆனாலும், புடைப்பு உள்ள எல்லோருக்கும் தேய்மானம் வருவதில்லை.