திருடனை எங்கே ஒளித்துவைப்பது?

கேள்வி: 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு மர்ம நாவல் எழுதுகிறேன். பள்ளியில் வெள்ளிக் கோப்பை ஒன்று காணாமல் போகிறது. பெற்றோர் வெளியூர் போயிருக்கும் நேரத்தில் ஒரு மாணவி துப்புத் துலக்குகிறாள். முதல் வரைவைப் படித்த என் அக்கா மகள் மூன்றாம் அத்தியாயத்திலேயே திருடனைச் சொல்லிவிட்டாள். தடயங்களையெல்லாம் எடுத்துக் கடைசி அத்தியாயத்தில் வைத்தேன். இப்போது 'ஏமாற்று வேலை' என்கிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: அவள் சொன்ன இரண்டும் சரி. முதல் வரைவில் தடயங்கள் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். இரண்டாவதில் அவை இல்லவே இல்லை. தடயம் வாசகரின் கண்முன்னே கிடக்கட்டும். அது எதற்கு என்பது மட்டும் புரியாமல் இருந்தால் போதும்.

திருடியவர் இசை ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் அத்தியாயத்தில் அவருடைய வாசிப்புக் கண்ணாடி உடைந்துவிடுகிறது. சுற்றறிக்கையை மாணவியிடம் நீட்டி, "ஒரு எழுத்தும் தெரியவில்லை, நீயே படி" என்கிறார். அவள் வேண்டுமென்றே "நாளை விடுமுறை" என்று சேர்த்துப் படிக்க, வகுப்பே கூச்சலிடுகிறது. வாசகரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அன்று மாலை, "அறிவிப்புப் பலகையில் மிரட்டல் கடிதம் இருந்தது, படித்ததும் கிழித்துவிட்டேன்" என்று அதே ஆசிரியர் அதன் வரிகளை ஒப்பிக்கிறார். கண்ணாடி இல்லாமல் எப்படிப் படித்தார்? நாயகிக்கு இது ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் உறைக்க வேண்டும். சில வாசகர்கள் முந்திக்கொள்வார்கள். முந்தட்டுமே, அந்தப் பெருமைக்காகத்தானே படிக்கிறார்கள்!

1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். சில இன்று குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆனால், குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிபவர் காணும் தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்ற இரண்டையும் மீறாதீர்கள்.

இதனால் விறுவிறுப்பு குறையுமோ என்று பயப்பட வேண்டாம். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. அது அங்கே இருப்பதை முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம் என்று கணக்குச் சொன்னவர் இயக்குநர் ஹிட்ச்காக். நாயகி அந்த ஆசிரியரிடமே போய்த் தன் சந்தேகங்களைக் கொட்டும் காட்சியை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. பெற்றோரை வெளியூர் அனுப்பியது உங்கள் வசதிக்காக. அவர்களை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். இந்த வயதில் நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது, கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள், சொன்னால் நம்பமாட்டார்கள். இந்த நாவலுக்கு இதைவிட நல்ல முட்டுக்கட்டைகள் கிடைக்காது. நாயகி அம்மாவிடம் உண்மையைச் சொல்லட்டும். அம்மா நேரே அந்த இசை ஆசிரியருக்கே போன் செய்யட்டும்.

திருத்திய வரைவை அக்கா மகளிடம் கொடுக்காதீர்கள், அவளுக்குத்தான் திருடனைத் தெரியுமே. அதே வயதில் வேறு ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யார்மீது சந்தேகம் என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே பெயர் தொடர்ந்து வந்தால், அது தொடங்கும் அத்தியாயத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள்.