மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவலுக்கு

வணக்கங்க. உங்கள் நாவலின் நாயகி ஈரோட்டுப் பக்கத்து அறச்சலூர்ப் பெண், 1801-இல் கும்பினிப் படைக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு, மொழிபெயர்ப்பவள். அவளுடைய இரண்டுங்கெட்டான் நிலையைக் காட்ட இரண்டு பக்க நீளத்துக்கு அவளை யோசிக்க வைத்தும் உயிர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

யோசனையை வெட்டிவிடுங்கள், அவள் வாயைத் திறக்கட்டும். கொங்குப் பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. பிடிபட்ட பெரியவர் "எனக்குத் தெரியாதுங்க சாமி" என்கிறார். அவள் அதைத் துரைக்குச் சொல்லும்போது அந்த 'ங்க' எங்கே போகும்? "தெரியாதாம்" என்று மொட்டையாகத்தான் போகும். பெரியவரின் பணிவு தன் வாயில் திமிராக மாறுவதை அவளே கேட்கிறாள். துரையின் முகம் இறுகுகிறது. எனக்கு அங்கேதான் கதை இருக்கிறது.

அப்புறம், நீங்கள் நம்மவர், வெள்ளையர் என்று இரண்டே பக்கம் வைத்திருக்கிறீர்கள். 1799-இல் திப்பு விழும்வரை கோயமுத்தூர்ச் சீமை மைசூர் ஆட்சியில்தானே இருந்தது? அவள் அம்மாவைக் கன்னடக்காரி ஆக்கிப் பாருங்கள். அவளுக்கு 'நம்மவர்' என்ற சொல்லே தொண்டையில் சிக்கும்.

காலைக் காப்பியை எடுத்துவிடுங்கள். மேட்டுக்காட்டு வீட்டில் கம்மங்கூழ்தான். விடியலில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டும் சத்தம், சால் கொட்டும் தண்ணீர், ஈரமான வடக்கயிறு, இவை போதும்.

கும்பினியை எதிர்த்த தீரன் சின்னமலையை முன்னால் கொண்டுவராதீர்கள். 1805-இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்ட செய்தியை அவள்தான் ஊருக்குள் தமிழில் சொல்ல வேண்டும் என்றால்? அந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள்.