ஸ்பீக்கருக்கு ரெட்டை வயர் வேணுமுங்களா?

கோயம்புத்தூர்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் சர்வீஸ் பண்றவனுங்க நான். பை-வயரிங், அதாவது ஒரே ஸ்பீக்கருக்கு ஆம்ப்ல இருந்து ரெண்டு ஜோடி வயர் இழுக்கறது, அதைப் பத்தி வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, ஸ்பீக்கருக்குப் பின்னாடி ரெண்டு சிவப்பு, ரெண்டு கருப்பு முனை இருக்குங்க. ஆம்ப்ல இருந்து ரெண்டு ஜோடி வயர் இழுத்தா சத்தம் தெளிவாகுமுங்களா?

ஆகாதுங்க. ரெண்டு ஜோடியும் ஆம்ப்ல ஒரே முனையிலதானே சேருது? கீச்சு சத்தம் (ட்ரெபிள்) பாடற ட்வீட்டருக்கு எது, கனத்த சத்தம் (பாஸ்) பாடற வூஃபருக்கு எதுன்னு பிரிக்கிறது பெட்டிக்குள்ள இருக்கிற கிராஸ்ஓவர். ஒரு வயர்ல வந்தாலும் அது பிரிச்சுக்கும். ரெட்டை வயர்ல செம்பு கூடும், ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒண்ணு போட்டாலே போக வர 0.07 ஓம்தான் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லைங்க.

கரூரிலிருந்து: பாஸ் கரண்ட் ட்வீட்டர் வயர்ல ஓடாதுங்கறாங்களே?

மேல் (ட்வீட்டர்) முனையையும் கீழ் (வூஃபர்) முனையையும் இணைக்கிற தகட்டைக் கழட்டிட்டு ரெட்டை வயர் போட்டா ஓடாது, நெசந்தான். ஆனா வயர்ல விழற வோல்ட்டே அத்தனை கம்மி. காதுக்கு எட்டாதுங்க.

கோபியிலிருந்து: தகட்டைக் கழட்டினதும் ட்ரெபிளே வரலைங்ணா!

கீழ் முனையில மட்டும் வயர் மாட்டியிருப்பீங்க. தகட்டைத் திரும்ப மாட்டுங்க.

பொள்ளாச்சியிலிருந்து: ஒரு பக்கம் ட்வீட்டர் விட்டு விட்டுப் பாடுது. ரெட்டை வயர் போட்டாச் சரியாகுமுங்களா?

போடாதீங்க, முதல்ல அந்தத் தகட்டைப் பாருங்க. போன மாசம் இதே கோளாறோட ஒரு பெட்டி வந்துச்சு. திருகைத் தொட்டதும் முக்கால் சுத்து சும்மா சுத்துது. தகடு கருத்துப் போயிருந்துச்சு, வயர் முனையில பச்சை பூத்திருந்துச்சு. அரை இஞ்ச் வெட்டிட்டு, புதுசாத் தோல் சீவி, இறுக்கி முறுக்கினேன். தகட்டுக்குப் பதிலா அதே வயர்ல நாலு விரக்கடைத் துண்டு. பாட்டு விடாமப் பாடுச்சுங்க!

திருப்பூரிலிருந்து: மேல் முனைக்கு ஒரு ஆம்ப், கீழ் முனைக்கு ஒரு ஆம்ப் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனா தகட்டைக் கழட்டாம ஆன் பண்ணிராதீங்க. ரெண்டு ஆம்ப்போட அவுட்புட்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி டிரான்சிஸ்டர் கருகிரும்.

உடுமலையிலிருந்து: வயர் செம்பான்னு எப்படிங்க பாக்கறது?

ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க. மேல செம்பு நிறம், உள்ள வெள்ளைன்னா அது முலாம் பூசின அலுமினியம். வாங்காதீங்க.

பவானியிலிருந்து: அப்ப அந்தக் காசை எதுலதானுங்க போடறது?

டைல்ஸ் தரையில வெறும் ஹால்னா சத்தம் எதிரொலிச்சுக் கலங்கும். உங்க ஊர் ஜமுக்காளத்தை ரெட்டையா மடிச்சு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல விரிச்சுட்டு, அதே பாட்டை மறுபடி போட்டுப் பாருங்க.